நாற்பதுக்கு மேல் மல்லுக்கட்டக் கூடாதா?

நாற்பதைத் தாண்டியவர் ஜூடோ, குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜியு ஜிட்சு என எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பது நம்மிடையே விவாதமின்றி ஏற்கப்பட்ட தீர்ப்பு. வீட்டில் சொல்கிறார்கள், அலுவலகத்தில் சொல்கிறார்கள், பிரஷர் பார்த்த கருவியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டே டாக்டரும் சொல்கிறார்: "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு சார்? வாக்கிங் போங்க, போதும்." கேட்டவர் பெண் என்றால் இந்த அளவு விளக்கம்கூடக் கிடைக்காது, ஒரு சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். இந்தத் தீர்ப்பு தவறானது, அதை நம்பி நடப்பவர்களுக்குக் கேடு செய்வது என்பது என் வாதம்.

முதலில் அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். நாற்பதுக்கு மேல் தசைநாண்கள் இறுகுகின்றன. இருபதில் ஒரு வாரத்தில் ஆறிய காயம் இப்போது மாதக்கணக்கில் இழுக்கிறது. கழுத்திலும் இடுப்பிலும் டிஸ்க் தேயத் தொடங்கிவிட்டது. தலையில் விழும் அடி மூளைக்குக் கேடு என்பதில் சந்தேகமே இல்லை. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோர் என எல்லாம் ஒரே தோளில் ஏறி நிற்கும் காலத்தில் முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டு படுத்தால் வீடே படுத்துவிடும். உடற்பயிற்சிதான் வேண்டுமென்றால் நடை இருக்கிறது, நீச்சல் இருக்கிறது, யோகா இருக்கிறது. எதிரில் நிற்பவரை வீழ்த்துவதையே குறியாகக் கொண்ட விளையாட்டு, நரைக்கத் தொடங்கிய மனிதருக்கு என்ன பக்குவத்தைத் தந்துவிடும்?

இதையெல்லாம் சொல்பவர்கள் நம்மேல் அக்கறை உள்ளவர்கள். சொல்வதில் பெரும்பகுதி உண்மையும்கூட. அந்த உண்மைகளை வைத்து அவர்கள் வந்து சேரும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

என் பக்கம் நிற்பவர்கள் வழக்கமாக அழைத்துவரும் சாட்சிகளையும் நான் அழைக்கப் போவதில்லை. ஜார்ஜ் ஃபோர்மன் 1994இல் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டத்தை மீட்டார். வடகரை மீனாட்சி அம்மா எழுபதைத் தாண்டியும் களரியில் வாள் சுழற்றி, 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். இருவரும் போற்றத்தக்கவர்கள். ஆனால் ஒருவர் பதின்வயதில் தொடங்கியவர், மற்றவர் ஏழு வயதில். அவர்களைக் காட்டி, நாற்பத்தைந்தில் முதல்முறை பயிற்சி விரிப்பான மேட்டில் கால் வைப்பவருக்கு நம்பிக்கை ஊட்டுவது நேர்மையல்ல. பொருந்துகிற உதாரணம் அந்தோணி போர்டேன். அடுப்படியில் வாழ்ந்து, புகையிலும் குடியிலும் பல பத்தாண்டுகளைக் கழித்த சமையல்காரர், எழுத்தாளர். ஐம்பதுகளின் பின்பாதியில் பிரேசிலிய ஜியு ஜிட்சு தொடங்கி, 2016இல் 59 வயதில் நியூயார்க் போட்டியொன்றில் தன் வயதுப் பிரிவில் தங்கம் வென்றார். அவருக்குப் பணம் இருந்தது, தனிப் பயிற்சியாளர் இருந்தார் என்று பதில் வரும். வரட்டும். ஒரு மனிதரின் கதையை நம்பி இந்த வழக்கை நான் நடத்தவில்லை.

1. உடம்பு தாங்காது என்கிறீர்கள். எதைத் தாங்காது?

போட்டிக்குத் தயாராகும் இருபது வயதுக்காரரின் பயிற்சியை நாற்பத்தைந்து வயதுக்காரர் தாங்கமாட்டார் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வாரம் இரண்டு நாள், இடையில் போதிய ஓய்வோடு, எடையும் வேகமும் அறிந்த துணையோடு செய்யும் பயிற்சியையும் தாங்கமாட்டார் என்றால் ஆதாரம் கேட்பேன். வயதுதான் ஆபத்தின் ஊற்று என்றால் இளையவர்கள் பத்திரமாக இருந்திருக்க வேண்டுமே, இருந்தார்களா?

ஜப்பானியப் பள்ளிகளில் 1983 தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் ஜூடோவால் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். ரியோ உச்சிதா என்ற கல்விச் சமூகவியலாளர் இந்தக் கணக்கைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் அந்த நாடு விழித்துக்கொண்டது. இறந்தவர்கள் நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். உடம்பு வளைந்து கொடுக்கும் வயது, காயம் விரைந்து ஆறும் வயது. அவர்களில் பலர் அப்போதுதான் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள். விழத் தெரியாத பிள்ளைகளைப் பெரியவர்கள் பின்பக்கமாக வீசினார்கள், தலை மோதியது. 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயமானபோது எழுந்த எதிர்ப்பில் பயிற்சி முறைகளைத் திருத்தினார்கள். சாவுகள் சட்டெனக் குறைந்தன. பிள்ளைகளின் வயது மாறவில்லை, சொல்லித்தரும் முறை மாறியது. பதினைந்து வயதைக் கொல்லக்கூடிய கவனக்குறைவு நாற்பத்தைந்தையும் கொல்லும். பதினைந்தைக் காக்கிற ஒழுங்கு நாற்பத்தைந்தையும் காக்கும்.

அந்த ஒழுங்கின் பெயர் உகேமி, அடிபடாமல் விழும் முறை. 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் கோடோகன் என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான பிடிகளைக் கழித்துக்கட்டிவிட்டு, விழும் முறையைப் பயிற்சியின் அடித்தளமாக வைத்தார். நல்ல கோச் ஒருவர் நாற்பதைக் கடந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தருவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் நிற்கவே விடமாட்டார். மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். தாடை மார்பைத் தொட, கண் இடுப்புப் பெல்ட்டின் முடிச்சில் நிற்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையைத் தொடாது. பிறகு முதுகை வளைத்துப் பின்னால் உருள வேண்டும். முதுகு மேட்டைத் தொடும் அதே நொடியில் இரு கைகளும் உடலிலிருந்து சற்றே விலகி, உள்ளங்கை கீழ்நோக்கி மேட்டை அறைய வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் தொடக்கத்தில் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: விழும்போது கை தானாகப் பின்னால் ஊன்றப் போகிறது. மணிக்கட்டு முறிவது அப்படித்தான். அந்தக் கையை அடக்குவதற்கே சிலருக்கு வாரங்கள் ஆகும். கோச் அவசரப்படுத்துவதில்லை. உட்கார்ந்து விழுவது படிந்த பிறகே அரைக்குந்தலில் இருந்து, அதுவும் படிந்த பிறகே நின்று. இன்னொருவர் தூக்கி வீசும் கட்டம் வர வெகுநாள் ஆகும்.

இதைத் தடுக்கும் அதே குடும்பம், விடியற்காலையில் ஷட்டில் ஆடப் போகும் அதே மனிதரை வாசல்வரை வந்து வழியனுப்புகிறது. அவர் உடம்பைச் சூடேற்றாமல் நேரே கோர்ட்டில் இறங்கி, பின்னோக்கி ஓடி, எம்பி ஸ்மாஷ் அடிக்கிறார். குதிகால் நாண் அறுந்து எலும்பு மருத்துவரிடம் வருபவர்களில் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களே அதிகம். அதற்காக நாற்பதுக்கு மேல் ஷட்டில் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, போடவும் கூடாது. வார்ம் அப் செய்யுங்கள் என்று சொல்கிறோம். அந்த நியாயம் மேட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

2. தலையில் அடி விழுமே என்ற கேள்விக்கு என்ன பதில்?

எதிர்த்தரப்பின் வாதங்களில் கனமானது இதுதான். இதில் நான் அவர்களோடு பாதி தூரம் நடக்கிறேன். குத்துச்சண்டைக்காரர்களுக்கு நேரும் மூளைச் சிதைவை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதிவைத்தார். வயதாக ஆக மூளை சற்றே சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. அடி விழும்போது அவை அறுந்து உள்ளே ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு இது இன்னும் மோசம். ஆகவே நாற்பதுக்கு மேல் குத்துச்சண்டை தொடங்குகிறவர் தலையில் பலமாக அடி விழும் ஸ்பாரிங் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பையைக் குத்தலாம், கோச் பிடிக்கும் பேடைக் குத்தலாம், கால் வரிசை பழகலாம், நிழலோடு ஆடலாம். குத்துச்சண்டையின் வேர்வையும் நுணுக்கமும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனால் இந்த வாதம் சண்டைக் கலைகள் அனைத்துக்கும் பொருந்துவதாக நீட்டும்போது உடைகிறது. ஜூடோவில் குத்து இல்லை. மல்யுத்தத்தில் இல்லை. ஜியு ஜிட்சுவில் இல்லை. அவற்றின் மொழி பிடி, சமநிலை, நெம்பு. குத்துச்சண்டை வளையத்தில் நடப்பதைக் காட்டி மேட்டை மூடச் சொல்வது எப்படி நியாயமாகும்?

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பதினான்கு வயதுப் பையனைத் தலைக்கவசம் மாட்டி வளையத்துக்குள் அனுப்பி, மெடல் வாங்கிவந்தால் ஃபிளெக்ஸ் வைக்கிறோமே, அவனுடைய மூளை மூளையில்லையா? அறுபது ஆண்டுகள் அந்த மூளையோடு வாழ வேண்டியவன் அவன். இந்தக் கவலை உண்மையானால் அது முதலில் அங்கே போய் நிற்க வேண்டும்.

3. நடந்தால் போதும் என்று யார் சொன்னது?

உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. அதன் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரம் மூன்று நாள். நம்முடைய பூங்காக்களில் காலையில் கைவீசி நடப்பவர்கள் இதில் முதல் பாதியைச் செய்கிறார்கள். இரண்டாம் பாதி அப்படியே நிற்கிறது.

அந்த இரண்டாம் பாதி சின்ன விஷயமல்ல. முப்பதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. உடலில் சர்க்கரையைப் பெருமளவில் செலவழிக்கும் உறுப்பு தசைதான். சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. இப்படிப்பட்ட தேசத்தில் நடுவயதுக்காரரிடம் போய், பாரம் தூக்காதே, தள்ளாதே, இழுக்காதே, மெல்ல நட என்று உபதேசிப்பது ஆரோக்கிய அறிவுரை ஆகாது. தொண்ணூறு வயதை ஒட்டியவர்களைக் கடுமையான பளுப் பயிற்சியில் எட்டு வாரம் ஈடுபடுத்தி, அவர்கள் கால் பலம் சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்ததை மரியா ஃபியாட்டரோன் குழுவினர் 1990லேயே காட்டிவிட்டார்கள். தொண்ணூறு தாங்கியதை நாற்பத்தைந்து தாங்காதா?

"அப்படியென்றால் ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்கலாமே, மல்லுக்கட்டுவானேன்?" இது நல்ல கேள்வி. தூக்கலாம், தசைக்கு அது போதும். ஆனால் இரும்பு உங்களைத் தள்ளாது. எதிர்பாராத திசையில் ஒருவர் இழுக்கும்போது காலை எங்கே வைப்பது, இடுப்பை எப்படித் தாழ்த்துவது, நிற்க முடியாது என்று தெரிந்த கணத்தில் எப்படி விழுவது என்பதை வெயிட் சொல்லித்தராது. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். குளியலறை ஈரத்தில் கால் வழுக்கும் அந்த நொடிக்கு நம்மில் எத்தனை பேர் தயார்? எழுபதில் விழப் போகிறவர் விழக் கற்கத் தகுந்த காலம் நாற்பதுகள். எழுபதில் கற்கத் தொடங்கினால் தாமதம்.

4. அடிதடி பக்குவப்பட்ட மனிதருக்கு அழகா?

மேட்டில் நடப்பது என்னவென்றே தெரியாமல் எழும் கேள்வி இது. கையை மடக்கி ஒருவர் பூட்டுப் போடுகிறார். வலி தொடங்கும் முன்பே நீங்கள் அவர் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டுகிறீர்கள். அவர் உடனே விட்டுவிடுகிறார். இருவரும் எழுந்து, வணங்கி, மறுபடி தொடங்குகிறார்கள். ஒரே மாலையில் பலமுறை தோற்க வேண்டும். தோற்கடிப்பவர் பெரும்பாலும் உங்கள் மகன் வயது, மகள் வயது. "பரவால்ல அங்கிள், கழுத்தை உள்ள வையுங்க, பிடி வராது" என்று அந்தக் கல்லூரிப் பிள்ளை சொல்லித்தரக் கேட்டுக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருப்பவருக்கு, வீட்டில் தன் சொல்லுக்கு மறுசொல் இல்லாதவருக்கு, நடுவயதில் இந்தப் பாடம் வேறெங்கே கிடைக்கும்? காயப்படுபவர்களைக் கவனித்தால், தட்டத் தாமதிப்பவர்களே அதிகம். மேட்டில் கர்வத்துக்கு விலை உடனுக்குடன் முழங்கையில் கட்டப்படுகிறது. பக்குவம் வேண்டும் என்பவர்கள் இந்தப் பள்ளிக்கூடத்தை ஏன் மூடப் பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குள் இன்னொரு பழைய நஞ்சும் இருக்கிறது. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பயின்றவர்கள் பெரும்பாலும் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். "கௌரவமான" வீடுகள் அதை ரவுடித்தனத்தோடு சேர்த்தே பேசின. உடல் உழைப்பின் மேல் இருந்த இளக்காரம் விளையாட்டின் மேலும் படிந்தது. நாற்பது வயது வங்கி அதிகாரி மேட்டில் புரள்வதைப் பார்த்து முகம் சுளிப்பவர், தன் சுளிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

அதேபோல, தெருவில் நாலு பேர் வந்தால் சமாளிக்கலாம் என்று பயம் காட்டி ஆள் சேர்க்கும் பயிற்சிக் கூடங்களையும் நான் ஆதரிக்கவில்லை. கத்தியோடு வருபவனிடமிருந்து ஓடுவதே சரி. அதை எந்த நேர்மையான கோச்சும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

5. பெண்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லும்போது என்ன சொல்கிறீர்கள்?

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. சுமையும் அதிர்வும் எலும்புக்கு எட்டினால்தான் எலும்பு பலப்படும். எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களை ஆஸ்திரேலியாவில் எட்டு மாதம், வாரம் இரு முறை, அரை மணி நேரம், மேற்பார்வையோடு கனத்த பளு தூக்கவும் குதித்து இறங்கவும் வைத்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்துவந்தவர்களுக்குக் கூடவில்லை. மெலிந்த எலும்பு உடைந்துவிடும் என்று பயந்து விலக்கிவைத்த வேலையே அந்த எலும்பைக் காத்தது. "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சிரிக்கிற வீடு, அவளுடைய இடுப்பெலும்பு அறுபத்தெட்டு வயதில் முறியும்போது ஆஸ்பத்திரிக்கு அலையும் வீடும்கூட.

6. "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் சேர்ந்தார், ரெண்டாவது வாரமே முட்டி போச்சு."

எல்லா விவாதமும் கடைசியில் இந்தத் தெரிந்தவரிடம்தான் வந்து நிற்கிறது. அவர் உண்மையிலேயே இருக்கிறார். அவர் முட்டியும் உண்மையிலேயே போனது. ஏன் போனது என்று விசாரித்தால் கதை மாறும். நாற்பதுக்கு மேல் யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பெரும்பாலான கூடங்கள் அவர்களுக்கெனத் தனி பேட்ச் வைப்பதில்லை. வருகிறவரை மாலை பேட்ச்சில், மாநிலப் போட்டிக்குத் தயாராகும் பையன்களோடு சேர்த்துவிடுகிறார்கள். அதே ஓட்டம், அதே தவளைப் பாய்ச்சல், முதல் வாரமே அதே மோதல். மூச்சு சில வாரங்களில் பழகிவிடுகிறது. நாணும் ஜவ்வும் பலப்பட மாதங்கள் பிடிக்கும். மூச்சு பழகிவிட்டதை உடம்பு பழகிவிட்டதாக எடுத்துக்கொண்டு அவர் வேகத்தைக் கூட்டுகிறார், முட்டி போகிறது. வயதானவர்களுக்கு ஆகாது என்ற நம்பிக்கை அவர்களுக்கான ஏற்பாட்டைத் தடுக்கிறது. ஏற்பாடு இல்லாததால் காயம் வருகிறது. அந்தக் காயத்தையே நம்பிக்கைக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். தான் உண்டாக்கிய கேட்டைத் தன் ஆதாரமாகக் காட்டும் வாதத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

வெளியுலகம் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. உலக ஜூடோவில் மூத்தோருக்கு முப்பது வயது தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் உண்டு. ஜியு ஜிட்சுவிலும் முப்பதிலிருந்து வயதுப் பிரிவுகள். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஐம்பத்தைந்து வயதுக்காரரோடு மோதுகிறார். இங்கே அதைத் தொடங்கப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். காலை ஆறரைக்கு, அதே மேட்டில், நாற்பதைக் கடந்தவர்களுக்கு மட்டும் வாரம் இரண்டு பேட்ச் போட்டால் போதும்.

சேர விரும்புகிறவர் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், ஆனால் கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், நீரிழிவால் விழித்திரையில் வந்த இரத்தக் கசிவு, கழுத்தில் நரம்பு நசுங்கல், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை: இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் தடுப்பதைக் கேட்கத்தான் வேண்டும். "இந்த வயசுல எதுக்கு" என்பது மட்டும் பதிலாக வந்தால், பரிசோதித்து என்ன கண்டீர்கள் என்று மரியாதையோடு திருப்பிக் கேளுங்கள்.

பிறகு கூடத்துக்குப் போய் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். கோச் தட்டுச் சத்தம் கேட்டதும் பிடியை விடச் சொல்கிறாரா, கனமானவரை மெலிந்தவரோடு ஜோடி சேர்க்காமல் பார்த்துக்கொள்கிறாரா, நாற்பதைத் தாண்டியவர் யாராவது ஓராண்டுக்கு மேல் அங்கே நீடிக்கிறாரா என்று கவனியுங்கள். முதல் மாதத்தில் என்ன சொல்லித்தருவீர்கள் என்று கேளுங்கள். விழச் சொல்லித்தருவோம் என்றால் பணம் கட்டுங்கள். முதல் வாரமே மோதவிடுவோம் என்றால், அவர் சுவரில் எத்தனை மெடல் தொங்கினாலும், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த கூடத்தைத் தேடுங்கள்.